பாட்டுக்கும் நம்பர் பிளேட்!

வண்டிக்கு இருப்பது போல பாட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, தெரியுமா? அதன் பெயர் ஐ.எஸ்.ஆர்.சி. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12. முதல் 5 அந்த நம்பரை வாங்கியவருக்கு உரியது, அடுத்த 2 வருடம், கடைசி 5 வரிசை எண். இது பதிவுக்கான நம்பர். அதே பாட்டை இன்னொருத்தர் பாடிப் பதிவு செஞ்சா புது நம்பர் வாங்கணும். மெட்டுக்கும் வரிக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று தனி நம்பர் இருக்கு. சி.டி. அட்டைக்குப் பின்னாடி இருக்கும் கறுப்புக் கோடு கடையில் பில் போட, அது வேற.

நம்ம பக்கத்து ஊர் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1988-ல் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பம் வெளியிட்டார். இசை அவர், புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. இப்படிப் பலர் சேர்ந்து செய்யும் ஆல்பத்தில் நம்பரை மட்டும் பார்த்தால் வாசித்தவர் யாரென்று தெரியாது. நம்பருக்குள்ளே பேரே கிடையாது! இசை, வரி, குரல், வாத்தியம் யார் யார் என்று கூடவே எழுதித் தரணும்.

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, சினிமாப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றார்கள். பாடுபவர், வாசிப்பவருக்கும் உரிமை வந்தது. ஆனால் பட்டியலில் பேர் விட்டுப்போனவர் எதைக் காட்டிக் கேட்பார்? பழைய சினிமா கேசட் அட்டைகளைப் புரட்டிப் பாருங்க, தபேலா வாசிச்சவர் பேரைத் தேடணும். எனக்கு இது நியாயமாப் படல.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி