டீயைச் சூடாக வைக்க எத்தனை வாட் வேண்டும்?

கணினியில் செருகினால் டீ ஆறாது, சுவிட்சைத் தள்ளினால் ஜூஸ் சில்லென்றிருக்கும் என்று விற்கப்படும் சின்னத் தட்டுகளைச் சோதிக்கிறவர்கள் முதலில் செய்வது, தட்டைத் தொட்டுப் பார்ப்பது. தட்டு சுடுகிறது, சில்லிடுகிறது. கருவி வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தட்டின் சூட்டை நான் ஆதாரமாக ஏற்பதில்லை. டம்ளருக்குள் விட்ட வெப்பமானியும் வாட் கணக்கும் மட்டுமே உண்மையைச் சொல்லும். ஒரே மாதிரி மூன்று டம்ளர்களில் ஒரே அளவு, ஒரே சூட்டில் டீயை ஊற்றி, ஒன்றைத் தட்டின் மேல், ஒன்றை வெறும் மேசையில், மூன்றாவதை மேசையிலேயே மூடி போட்டு வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கிவிட்டு அளக்க வேண்டும். அந்த மூன்றாவது டம்ளர்தான் முக்கியம். திறந்திருக்கும் சூடான பானத்தில் பெரும் இழப்பு மேலே எழும் ஆவியால் வருவது. மூடி மட்டுமே செய்கிற வேலையைக் கருவியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி மாற ஏறத்தாழ 4.18 ஜூல் ஆகிறது. 200 மில்லி டீ நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஆறினால், அது நொடிக்கு 14 ஜூல், அதாவது 14 வாட்டை இழக்கிறது. யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், மொத்தம் 2.5 வாட், 3.0 துளை 4.5 வாட். 14 போகிற இடத்தில் இரண்டரை வந்தால் ஆறுவது கொஞ்சம் தாமதப்படும், நிற்காது. டீ ஆற ஆற இழப்பும் குறையும் என்பதால், வரவும் செலவும் சமமாகும் ஒரு வெதுவெதுப்பில் கடைசியில் நிலைக்கும். அந்த வெதுவெதுப்பில் டீ குடிக்கப் பிடிக்குமா என்பது அவரவர் விருப்பம்; எனக்குப் பிடிக்காது.

குளிர்ப் பக்கம் இதைவிடக் கடினம். இந்தத் தட்டுகளுக்குள் இருப்பது, பிரெஞ்சுக்காரர் பெல்டியர் 1834-இல் கண்டறிந்த விளைவில் இயங்கும் மெல்லிய வில்லை. மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகத்திலிருந்து வெப்பத்தை எடுத்து மறு முகத்தில் தள்ளும். எடுத்த வெப்பம், செலவான மின்சாரம் இரண்டையும் சூடான முகம் வெளியேற்றியாக வேண்டும். விசிறி சிறியதானால் அந்தச் சூடு குளிர் முகத்துக்கே திரும்பி வரும். 200 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 10-க்கு இறக்க சுமார் 16,700 ஜூல் எடுக்க வேண்டும். நொடிக்கு 2.5 ஜூல் என்ற கணக்கில், வெளியிலிருந்து துளிச் சூடும் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடிக்கும். 50 கிராம் ஐஸ் உருகும்போது அதே அளவு வெப்பத்தைக் குடித்துவிடுகிறது. இதோடு இன்னொரு தடையும் உண்டு. அடியிலிருந்து சூடேற்றினால் சூடான நீர் மேலெழுந்து தானே கலக்கும். அடியிலிருந்து குளிர வைத்தால் கனத்த குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடும். வெப்பமானியை அடியில் வைத்து ‘12 டிகிரி’ என்று காட்டும்போது மேலே குடிக்கும் நீர் இன்னும் குளிர்ந்திருக்காது. எவர்சில்வர் டம்ளரின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் விளிம்பு வளையம் மட்டும்தான் தட்டில் படும், நடுவில் காற்று. குளிர்பான டின்னின் அடியும் உள்வாங்கிக் குழிந்ததே. சமமான அடியுள்ள பாத்திரமும், தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருந்தால் நிலைமை கொஞ்சம் தேறும்.

‘குளிர வைக்க வேண்டாம், பிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே காத்தால் போதும்’ என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில் குளிர்ந்த டம்ளர் வியர்க்கிறது. ஒரு கிராம் ஈரம் படியும்போது சுமார் 2,400 ஜூல் வெளிப்படும். முழுவதும் உள்ளே இறங்கினால் 200 மில்லியை ஏறக்குறைய மூன்று டிகிரி ஏற்றப் போதுமான வெப்பம் அது. தட்டு அடியை மட்டும் பார்த்துக்கொள்கிறது, வெப்பமோ சுற்றிலுமிருந்து நுழைகிறது. டம்ளருக்கு ஒரு தடித்த உறை போடுவது இங்கே அதிகம் உதவும்.

‘சுவர் பிளக்கில் செருகும் 15, 20 வாட் தட்டுகள் உள்ளனவே’ என்ற வாதத்தை ஏற்கிறேன். மூடியும் சேர்ந்தால் அவை சூட்டைக் காக்கப் போதும். பால் சேர்த்த டீ, காபிக்கு மட்டும் தயங்குகிறேன். 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கும் பாலில் கிருமிகள் பெருகும். 65-க்கு மேல் மிகச் சூடாகக் குடிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. வெந்நீரோ கடுங்காப்பியோ மேசையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் பிளக்கில் செருகும் தட்டை மூடியோடு வாங்கலாம். பால் டீக்காரர்கள் சின்ன டம்ளரில் ஊற்றிச் சூட்டோடு குடித்துவிடுங்கள். குளிர்ச்சிக்காக யு.எஸ்.பி. தட்டு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை ஒரு நல்ல எவர்சில்வர் பிளாஸ்க்குக்குக் கொடுங்கள்.