வைக்கோலில் இருந்து எரிபொருள்

ஹரியானா மாநிலத்தில் பானிபட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெரிய ஆலை உள்ளது. கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து பெட்ரோல், டீசல் எடுக்கும் ஆலை அது.

சுற்றிலும் நெல் வயல்கள். இயந்திரம் கதிரை அறுத்துப் போனபின் வைக்கோல் வயலிலேயே கிடக்கும். அங்கே மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல்தான் தீனி. நெல் வைக்கோலை அள்ளக் கூலி கட்டாது. சில வாரங்களுக்குள் கோதுமை விதைக்க வேண்டும். விவசாயி என்ன செய்வார்? தீ வைத்துவிடுகிறார். புகை டெல்லி வரை போகிறது. குழந்தைகள் இருமுகிறார்கள்.

2022 ஆகஸ்டில் அந்த ஆலைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆலை திறந்தார்கள். அது நெல் வைக்கோலை வாங்கி எத்தனால் செய்யும் ஆலை. எத்தனால் ஒருவகைச் சாராயம். குடிப்பதற்கு அல்ல, பெட்ரோலில் கலப்பதற்கு. வைக்கோலில் உள்ள சர்க்கரையைப் பிரித்து, புளிக்க வைத்து, வடிக்கிறார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம்.

எண்ணெய் விற்கும் நிறுவனத்துக்கு வைக்கோல் எதற்கு? பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயு வரும். அது பூமியைச் சூடாக்குகிறது. எத்தனால் எரிந்தாலும் அந்த வாயு வரும். ஆனால் அது நெற்பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

2046-க்குள் கரியமில வாயுக் கணக்கைப் பூஜ்யமாக்குவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. இது அதன் ஆலைகளின் கணக்கு மட்டுமே. அது விற்கும் பெட்ரோல் வண்டிகளில் எரிந்து வரும் வாயு இதில் சேராது. அதுதான் மிகப் பெரிது.

பானிபட்டின் பழைய ஆலையைப் பெரிதாக்கும் வேலையையும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 150 லட்சம் டன் கச்சா எண்ணெய் என்பதை 250 லட்சம் டன் ஆக்கும் வேலை அது.