விலாசமும் வழியும்: இணையச் செயலி பற்றிய ஒரு பாடம்

மேல்மடை திறந்திருந்தால் கீழ்மடைக்குத் தண்ணீர் வந்து சேராது என்பதை நாம் வயலிற் கண்டிருக்கிறோம். இணையச் செயலியொன்றில் விலாசங்களுக்கு வழி அமைப்பதும் இத்தகையதே. கணனி கற்கும் எமது பிள்ளைகள் இதனைத் தொடக்கத்திலேயே விளங்கிக்கொள்வது நன்று.

2005ஆம் ஆண்டு வெளியான 'ஜாங்கோ' என்னும் மென்பொருட் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் விலாசங்களின் பட்டியலொன்றை நாம் எழுதி வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்குரிய பக்கத்தை ஆயத்தம் செய்யும் நிரற்பகுதி குறிக்கப்படும். ஒருவர் ஒரு விலாசத்தைக் கேட்டதும், செயலி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலிற் பொருந்துவதையே தெரிவுசெய்யும். எதுவும் பொருந்தாவிடின், பக்கம் இல்லையென '404' என்ற இலக்கத்தால் அறிவிக்கும்.

ஓர் உதாரணம். '/விதை/ஏதேனும் ஒரு பெயர்/' என்பது மேலேயும், '/விதை/புதியது/' என்பது கீழேயும் இருப்பின், 'புதியது' என்பதும் ஒரு விதையின் பெயராகவே கொள்ளப்படும். புதிய விதையைப் பதியும் படிவம் ஒருபோதும் திறக்காது. ஆகவே, குறிப்பானதை மேலேயும் பொதுவானதைக் கீழேயும் எழுதுவோம்.

பின்னர் விலாசத்தை மாற்ற நேர்ந்தால், பழையதை அழித்துவிடலாகாது. அதனைப் பட்டியலில் வைத்திருந்து, நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் '301' என்ற இலக்கத்துடன் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். இதன் அவசியத்தை இடம்பெயர்ந்த குடும்பங்கள் நன்கறியும். பழைய விலாசத்துக்கு வந்த கடிதம் நம் கைக்குக் கிடைப்பதற்கு, நாம் போன இடத்தைச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும் அல்லவா?