சம்பாதிக்கும் பருவமும் அதற்குப் பின்னும்: கனூட்டேயின் வாழ்விலிருந்து ஒரு பாடம்



நலப்பணி இதழில் ஒரு கால்பந்து வீரரைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. விளையாட்டு வீரரின் சம்பாத்தியப் பருவம் மிகக் குறுகியது. இருபது வயதையொட்டித் தொடங்கி, பெரும்பாலும் முப்பத்தைந்தையொட்டி முடிந்துவிடும். அதன் பிறகு வாழ வேண்டிய ஆண்டுகளோ அதைவிட அதிகம். நம் ஊர்களிலிருந்து வெளிநாடு சென்று உழைக்கும் சபுராளிகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே அந்தக் குறுகிய பருவத்தைப் பயனுள்ளதாக்கிக்கொண்ட ஒருவரின் வாழ்வை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

களத்தில்

ஃப்ரெடெரிக் ஒமர் கனூட்டே 1977-ஆம் ஆண்டு பிரான்ஸில் லியோன் நகரை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவர். தந்தையின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி. லியோன் அணியில் ஆட்டத்தைத் தொடங்கிய அவர், இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம், டாட்டன்ஹாம் அணிகளுக்கு ஆடினார். இளமைப் பருவத்தில்தான் இஸ்லாத்தைத் தம் மார்க்கமாக ஏற்றுக்கொண்டார்.

பிரான்ஸின் இளையோர் அணியில் ஆடியிருந்தபோதும், விதிகள் மாறி வாய்ப்புக் கிடைத்ததும் தந்தையின் நாட்டைத் தேர்ந்தெடுத்தார். 2004-இல் துனீசியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் மாலிக்காக 4 கோல்கள் அடித்தார். அப்போட்டியில் மிக அதிக கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர்.

2005-இல் ஸ்பெயினின் செவில்லா அணிக்குச் சென்றார். 1948-க்குப் பிறகு பெரிய கோப்பை எதையும் வெல்லாதிருந்த அணி அது. அவர் இருந்த ஏழு ஆண்டுகளில் 2006, 2007 ஆகிய இரு ஆண்டுகளும் யூஈஎஃப்ஏ கோப்பையையும், 2007, 2010 ஆகிய இரு ஆண்டுகளும் ஸ்பெயினின் மன்னர் கோப்பையையும் வென்றது. 2007-இன் மன்னர் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் கனூட்டே. அந்த அணிக்காக அவர் அடித்த கோல்கள் 130-க்கும் மேல். 2007-ஆம் ஆண்டுக்கான ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பிறந்து அவ்விருதைப் பெற்ற முதல் வீரர் அவரே.

புகழின் உச்சியிலும் ஹலால், ஹராம் என்னும் எல்லைகள் அவர் நினைவில் இருந்தன. 2006-இல் சூதாட்ட நிறுவனம் ஒன்று செவில்லா அணியின் விளம்பரதாரராக வந்தது. சூதாட்டம் தம் மார்க்கத்துக்கு விரோதமானது என்று எடுத்துச் சொல்லி, அப்பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் அந்தப் பெயர் இல்லாத சட்டையுடன் களமிறங்கினார். சம்பளம் தரும் இடத்தில் வாய் திறந்து இப்படிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஒரு பள்ளிவாசலின் கதை

செவில்லா நமக்கு அந்நியமான ஊர் அல்ல. அரபு நூல்கள் இஷ்பீலியா என்று குறிக்கும் நகரம் அதுதான். 1248 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள பெரிய கிறிஸ்தவ ஆலயத்தின் மணிக்கூண்டாக இன்று நிற்கும் கிரால்டா கோபுரம், அந்நாளில் பள்ளிவாசலின் மினாராவாக எழுப்பப்பட்டது.

அப்படிப்பட்ட நகரில், நம் காலத்து முஸ்லிம்கள் தனியாருக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தில் தொழுது வந்தார்கள். 2007-இல் அதன் ஒப்பந்தக் காலம் முடிந்தது. இடம் கைமாறிப் போகும் நிலை வந்தது. வேறு ஆட்கள் வாங்கியிருந்தால் ஜும்ஆத் தொழுகைக்கு இடம் தேடி அலைந்திருப்பார்கள். அப்போது கனூட்டே தம் சம்பாத்தியத்திலிருந்து 5,10,000 யூரோவுக்கும் மேல் கொடுத்து அந்த இடத்தை வாங்கினார். தொழுகை நிற்கவில்லை.

அவருக்கு அப்போது வயது 30. கால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தால், நினைத்ததைச் செய்யும் வருமானம் அப்போது இருந்திருக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த இடம் அதுவரை காத்திருக்காது.

ஓய்வுக்குப் பின்

2012-இல் செவில்லாவை விட்டு விலகி, சீனாவின் பீஜிங் குவோஆன் அணிக்குச் சென்ற அவர், 2013-இல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்று அவர் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே தம் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். மாலியின் தலைநகர் பமாக்கோவுக்கு அருகே ‘சகீனா’ என்ற சிறுவர் கிராமத்தை அது அமைத்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றை ஓரிடத்தில் தருவது அதன் நோக்கம். சகீனா என்றால் மன அமைதி.

2019-இல் செவில்லா முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்ப விரும்பினார்கள். பத்து லட்சம் டாலர் இலக்குடன் உலகெங்கும் நிதி கேட்டு முன்னின்றவர் கனூட்டே. ஆட்டக்காலத்தில் கையிலிருந்து கொடுத்தவர், ஓய்வுக்குப் பின் பொதுக்காரியத்துக்காகக் கை நீட்டினார். பல நாட்டு மக்களும் கொடுத்தார்கள். 2007-இல் அவர் கொடுத்திருந்ததுதான் 2019-இல் அவருக்குக் கேட்கும் தகுதியைத் தந்தது என்று நாம் கருதுகிறோம். வசூலுக்குச் செல்லும் நம் போன்றோர் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

நமக்கான பாடம்

இங்கே எங்கள் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்வி உதவி விண்ணப்பங்களில் ஒரு பெயரைப் பார்த்துத் திகைத்தோம். ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து தவறாமல் நன்கொடை அனுப்பிய சகோதரர் அவர். வேலை போய், உடல் தளர்ந்து ஊர் திரும்பியிருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வந்திருந்தார். அவர் கொடுத்த நாட்களில் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினோம். ‘உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று ஒருநாளும் கேட்கவில்லை. உதவியை உடனே கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆகவே கனூட்டேயைப் போல் லட்சம் லட்சமாகக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சம்பாதிக்கும் பருவத்தை மூன்றாகப் பார்க்கச் சொல்கிறோம். இன்றைய குடும்பச் செலவு ஒன்று. வேலை நின்றபின் குடும்பம் நிற்பதற்கான சேமிப்பு ஒன்று. நமக்குப் பின்னும் நன்மை வந்துகொண்டிருக்கும் சதகத்துல் ஜாரியா ஒன்று. மூன்றாவது பங்கு சிறிதாக இருக்கலாம். ஒரு மாணவரின் புத்தகச் செலவோ, மதரஸாவின் ஒரு மின்விசிறியோ போதும். முதுமை வருமுன் இளமையைப் பயன்படுத்திக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அந்த அறிவுரை பணத்துக்கும் பொருந்தும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு சொல். உங்கள் மதரஸாவோ தொழுமிடமோ வாடகையில் நடந்தால், ஒப்பந்தம் முடியும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். எல்லா ஊருக்கும் கடைசி நேரத்தில் ஒரு கனூட்டே வந்துவிடுவதில்லை.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் குடும்பத்தின் வருமானம் அடுத்த ஆண்டு நின்றுபோனால் எத்தனை மாதம் சமாளிக்க முடியும்?

2. ‘பிறகு செய்யலாம்’ என்று நாம் தள்ளிவைத்த நற்செயல் எது? அதில் இந்த மாதமே தொடங்கக்கூடிய சிறு பகுதி எது?

3. பிறரிடம் நிதி கேட்கும் காரியத்தில் நாம் முதலில் கொடுத்தது எவ்வளவு?

கொடுக்கும் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அந்தக் கைகள் ஓய்ந்தபின் எவரிடமும் ஏந்தும் நிலை வராமல் காப்பானாக. ஆமீன்.