உடல் மறவாத அச்சம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலை விபத்தொன்றில் காயமுற்று, எலும்பு கூடி, புண் ஆறிய ஒருவர், பல மாதங்களுக்குப் பின் அவ்வழியே பேருந்தில் செல்வதாகக் கொள்வோம். வளைவு நெருங்கும்போதே அவர் கை முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றுகிறது, கால், இல்லாத பிரேக்கை மிதிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என அறிவு சொன்னாலும், உடல் அதை ஏற்பதில்லை.

இது கோழைத்தனம் அன்று. ஆபத்து நேரும்போது நம்மைக் காக்கவே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கிய பின்னரும், அதனை நினைவூட்டும் ஓர் ஒலியோ மணமோ அதே நிலையை மீண்டும் எழுப்பக்கூடும். ஆதலால் அறிவுரை மட்டும் போதாது. பாதுகாப்பை உடலும் சிறுகச் சிறுகக் கற்க வேண்டும். அதற்கு உதவும் எளிய பயிற்சிகள் மூன்றினை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

மூச்சு: இயல்பாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுங்கள். உள்ளிழுக்கையில் 3 வரையும், வெளிவிடுகையில் 5 வரையும் எண்ணலாம். மூச்சை அடக்க வேண்டாம். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் செயலால் இதயத்துடிப்பு சற்றே தணிகிறது.

தசைத் தளர்வு: கைவிரல்களை மென்மையாக மடக்கி, 5 நொடிகள் இறுக்கி, பின் தளர விடுங்கள். தோள், முகம், கால் என வரிசையாகச் செய்யுங்கள். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட முறையின் எளிய வடிவம் இது. அறுவை சிகிச்சை செய்த இடத்தையும் வலியுள்ள பகுதியையும் இறுக்காதீர்கள்.

பாதம் ஊன்றல்: இரு பாதங்களையும் தரையில் பதித்து, அதன் குளிர்ச்சியையோ சூட்டையோ உணருங்கள். கண்ணெதிரே உள்ள மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கடலோர முகாம்களில் இருந்த 183 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. யோக மூச்சுப் பயிற்சி பெற்றோரிடம், பயிற்சிக்குக் காத்திருந்தோரைவிட, ஆறு வாரங்களில் அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் வெகுவாகக் குறைந்தன.

ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் போதும். இடையே அச்சம் மிகுந்தால் கண்களைத் திறந்து, பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மலைப்பாதைக்கும் இவ்வாறே திரும்பலாம்: நிற்கும் பேருந்தில் சிறிது நேரம் அமர்தல் முதற்படி, துணையோடு சில வளைவுகள் ஏறி இறங்குதல் அடுத்த படி.

உடனிருப்போர்க்கு ஒரு சொல். "அதையே நினைக்காதே" என்று கடிய வேண்டாம். நிகழ்ந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, நீங்களும் மெதுவாக மூச்சு விடுங்கள்.

நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், அச்சம் எனக் கருதி வீட்டில் இராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கெட்ட கனவும் உறக்கமின்மையும் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைக் காணுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். டெலி மானஸ் இலவச எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. புண்ணுக்கு மருந்து கேட்பதுபோல் இதற்கும் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.