ஐப்பசி மழைக்கு ஒரு சட்டிச் சாறு

ஐப்பசி பிறந்து வடகிழக்குக் காற்று திரும்பியதும் சோழபுரம் பக்கத்துச் சாயங்காலங்கள் மாறிவிடும். மேற்கே மலை மேகத்துக்குள் போய்விடும், கண்மாயில் தண்ணீர் ஏறும், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த நேரத்தில் வயிறு சூடாக எதையாவது கேட்கிறது. ராஜபாளையம் போய்த் திரும்புகிறவர் கையில் பஜ்ஜிப் பொட்டலம் இருக்கும், மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் வழியில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்துவிடுவார். ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. மழைக்காலம் இரண்டு மாதமும் சாயங்காலப் பசியை எண்ணெய்ச் சட்டியே தீர்த்தால் தை மாதம் உடம்பு அதைக் காட்டிவிடும்.

அந்தப் பசிக்குச் சூப் போதும். ஆனால் கடையில் கிடைக்கும் சூப் பொடியும் வெண்ணெயும் சோளமாவும் கரைத்த ஓட்டல் சூப்பும் நமக்குத் தேவையில்லை. நம் வீட்டு ரசச் சட்டியிலேயே அதற்கான வித்தை இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்: சோற்றில் பிசைவதற்கு வைத்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் அது சூப் ஆகிவிடாது. உப்பில்லாத சோற்றோடு சேரும் என்றுதான் ரசத்தில் புளியும் உப்பும் தூக்கலாகப் போடுகிறோம். குடிப்பதற்கு வைக்கும்போது புளியைப் பாதியாக்குங்கள், உப்பையும் பாதியாக்குங்கள். வற்றல் மிளகாயைக் குறைத்து மிளகையும் சீரகத்தையும் கூட்டுங்கள். கீழே வரும் எல்லாச் சாறுக்கும் இதுவே அடிப்படை. அளவுகள் நான்கு பேருக்கு.

காணச் சாறு

வடக்கே கொள்ளு என்பதை நம் பக்கம் காணம் என்போம். மழைக்காலத்துக்கு இதற்கு இணையான தானியம் எனக்குத் தெரிந்து இல்லை. 100 கிராம் காணத்தில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு.

கால் கப் காணத்தை, ஏறக்குறைய 50 கிராம், முறத்தில் பரப்பிக் கல் பொறுக்குங்கள். காணத்தில் அதே நிறத்துக் கல் கிடக்கும், அவசரப்பட்டால் பல்லில் அகப்படும். வெறும் சட்டியில் வாசனை வரும்வரை லேசாக வறுத்து, கழுவி, எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஊறப்போட்டால் சாயங்காலம் தயாராக இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஆறு விசில் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும்.

தண்ணீரை வடித்துக்கொள்ளுங்கள். வெந்த காணத்தில் இரண்டு கரண்டி எடுத்து மையாக அரைத்து அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். ஓட்டல் சூப்புக்குச் சோளமாவு தரும் கெட்டித்தன்மை இதில் இப்படித்தான் வருகிறது.

மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, தோலோடு எட்டுப் பல் பூண்டு ஆகியவற்றை உரலிலோ அம்மியிலோ ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். மிளகு மாவாகிவிட்டால் சாறு கறுத்து, காரம் தொண்டையிலேயே நின்றுவிடும். இரண்டு நாட்டுத் தக்காளியைக் கையால் பிசைந்து, கொட்டைப்பாக்கில் பாதி அளவு புளியைக் கரைத்து, மஞ்சள்தூள் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். பிறகு காணத் தண்ணீரையும் தட்டிய சாமானையும் சேருங்கள். அதற்குமேல் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு ஏறி வரும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் மிளகும் சீரகமும் தரும் மணம் ஆவியோடு போய்விடும்.

தாளிப்புதான் கலோரி நுழையும் வாசல். அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயை அளந்து ஊற்றுங்கள், பாட்டிலைச் சாய்த்து ஊற்ற வேண்டாம். கடுகு, கிள்ளிய ஒரு வற்றல், பெருங்காயம், இரண்டு ஆர்க்குக் கறிவேப்பிலை போதும். வெந்த காணம் முழுவதையும் சாப்பிட்டால்கூட ஆளுக்கு 70 கலோரிக்குள் அடங்கிவிடும்.

முருங்கைக்கீரைத் தண்ணிச்சாறு

மழை பெய்ததும் முருங்கை துளிர்க்கும், கொல்லையில் ஒரு மரம் இருந்தால் கீரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். இரண்டு கைப்பிடி இலையை உருவி, காம்பையும் பழுத்த இலையையும் நீக்கி அலசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்து இலையின் அடிப்புறத்தில் கம்பளிப்பூச்சி ஒட்டியிருக்கும், வெளிச்சத்தில் பார்த்து உருவுவது நல்லது.

அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை நான்கு டம்ளர் எடுத்துவையுங்கள். சட்டியில் அரைத் தேக்கரண்டி எண்ணெயில் சீரகம் பொரிந்ததும் பத்துச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு வதக்குங்கள். உப்பு விழுந்ததும் வெங்காயம் தண்ணீர் விடும், கூடுதல் எண்ணெய் தேவைப்படாது. ஒரு தக்காளி, மஞ்சள்தூள், குழைய வெந்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றைப் போட்டு, களைந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவையுங்கள். நன்றாகக் கொதி வந்தபிறகுதான் கீரையைப் போட வேண்டும். மூடிவைக்காதீர்கள். திறந்த சட்டியில் ஏழு நிமிடத்தில் வெந்துவிடும், பச்சை நிறமும் மாறாது. தட்டிய மிளகைத் தூவி இறக்குங்கள். ஊர்ப்பக்கத் தண்ணிச்சாறில் தேங்காய்ப்பால் விடும் வழக்கம் உண்டு. அதன் ருசியை மறுக்க முடியாது, ஆனால் இந்தக் கணக்குக்கு அது ஒத்துவராது. விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்தபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது, கொதிக்கும்போது பிழிந்தால் அதில் ஒரு பங்கு வீணாகிவிடும். இதைக் குடித்த கையோடு டீ குடிக்காதீர்கள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். மழை நாளில் டீயைத் தள்ளிப்போடுவது கஷ்டந்தான், ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலிக் கீரைகள்

மழைக்குப் பின் வேலியோரம் முடக்கத்தானும் தூதுவளையும் படர்ந்து கிடக்கும். தூதுவளையின் அடிநரம்பில் உள்ள முள்ளைக் கிள்ளிவிட்டு வதக்கி அரைத்தால் காணச் சாறிலேயே கலந்துவிடலாம். முடக்கத்தானை அதிகம் கொதிக்கவிட்டால் கசக்கும். ரசம் இறக்கும் நேரத்தில் இலையைப் போட்டு மூடி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து வடித்துக் குடியுங்கள். பருத்திக் காட்டு வரப்பில் பறிக்க வேண்டாம், மருந்து தெளித்திருப்பார்கள். ரோட்டோரத்துக் கீரையும் வேண்டாம். அடையாளம் நிச்சயமாகத் தெரிந்த கீரையை மட்டும் பறியுங்கள்.

வாழைத்தண்டு, வெண்பூசணி

இரண்டும் பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் எடை குறைக்க நினைப்பவர்களுக்கு வயிறு நிறைய ஊற்றிக் கொடுக்கலாம். தண்டை வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. வெண்பூசணியைத் தோலும் விதையும் நீக்கித் துண்டாக்குங்கள். எதுவானாலும் இஞ்சி, பச்சைமிளகாய் ஒன்று, சீரகத்தோடு வேகவைத்து, பாதியை அரைத்துப் பாதியைக் கடிக்க விட்டுவிடுங்கள். முழுக்க அரைத்தால் குழந்தைக்கு ஊட்டும் கஞ்சி போலாகி, குடித்த நிறைவு வருவதில்லை.

ராத்திரிச் சாப்பாடே சூப் என்றால்

வெறும் சாறு மட்டும் குடித்துப் படுத்தால் பத்து மணிக்குப் பசித்து, அடுக்களையில் முறுக்கு டப்பாவைத் தேடுவோம். அப்படிப்பட்டவர்கள் சாறில் தானியம் சேர்க்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் விளையும் கம்பும் குதிரைவாலியும் இதற்குத்தான் கைகொடுக்கும். ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி கம்பு மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் காய்கறிச் சாறில் ஊற்றி, ஐந்து நிமிடம் கைவிடாமல் கிண்டுங்கள். சூடான சாறில் மாவை நேராகத் தூவினால் உருண்டை பிடித்துவிடும். கலோரியில் கம்பு மாவும் சோளமாவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சோளமாவு வெறும் ஸ்டார்ச், கம்பில் நாரும் இரும்பும் புரதமும் இருக்கின்றன. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று கையில் இருக்கும் காயெல்லாம் இதில் சேரும். காணச் சாறு வைத்தபோது மிஞ்சிய வெந்த காணத்தில் ஒரு பிடி போட்டால் முழுச் சாப்பாடாகிவிடும்.

கறி சாப்பிடுகிறவர்கள் நாட்டுக்கோழி எலும்பில் வைக்கலாம். தோலை எடுக்கச் சொல்லி வாங்குங்கள், கொழுப்பில் பெரும்பகுதி தோலிலும் அதன் அடியிலும் இருக்கிறது. முதல் கொதியில் மேலே பொங்கும் அழுக்கு நுரையை அகப்பையால் வழித்து எடுத்துவிட்டு, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, மல்லி போட்டுச் சிறுதீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். முந்தின நாளே வைத்து ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும், கரண்டியால் வழித்துவிடலாம். அதன்பின் சூடாக்கிக் குடித்தால் ருசி குறையாது, எண்ணெய் மட்டும் போய்விடும்.

எப்போது, எவ்வளவு

சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதுதான் பலன் தரும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ஃபிளட், பார்பரா ரோல்ஸ் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்த நாட்களில், சூப்பின் கலோரியையும் சேர்த்துப் பார்த்தாலும், சுமார் 20 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டிருக்கிறார்கள். காய் துண்டுகளாகக் கிடந்த சூப்போ அரைத்த சூப்போ, வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டுச் சற்று நேரத்திலேயே சாப்பிட உட்காருங்கள். மூன்று தோசை கேட்கும் வயிறு இரண்டில் நின்றுகொள்ளும்.

உப்பில் கறாராக இருங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான். ஊறுகாய், அப்பளம், கருவாட்டோடு சூப்பிலும் உப்பைக் கொட்டினால் கலோரி குறைந்தும் ரத்த அழுத்தம் ஏறும். கடையில் விற்கும் சூப் கட்டிகளில் உப்பு மிகுதி, வாங்காமல் இருப்பதே நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரைச் சாறைத் திடீரென்று தினமும் தொடங்கக் கூடாது, கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரையும் தக்காளியும் எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகு போடுவதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

மிஞ்சிய வெந்த காணத்தைக் கொட்டிவிடாதீர்கள். வெங்காயம், கறிவேப்பிலை, துருவிய மாங்காய் இஞ்சி போட்டுச் சுண்டலாகச் சாப்பிடலாம். இல்லாவிட்டால் இரண்டு வற்றல், ஒரு பல் பூண்டு, துளிப் புளியோடு அம்மியில் வைத்துத் துவையல் அரைத்தால் மறுநாள் காலைக் கஞ்சிக்கு ஆகும்.