350-லிருந்து 650-க்கு மாறலாமா?

கேள்வி: மீட்டியார் 350 வைத்திருக்கிறேன். பைபாஸில் நூறைத் தொட்டால் ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிர்கின்றன. சூப்பர் மீட்டியார் 650 வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: தீரும். உங்களுடையது ஒற்றை சிலிண்டர், சுமார் 20 குதிரைத்திறன். நூறில் போகும்போது அது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. 650-இல் இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 47 குதிரைத்திறன், ஆறாவது கியர் வேறு. அதே நூறு அதற்கு உலாப் போகிற மாதிரி. லாரியை முந்த கியர் குறைக்கவேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும்.

ஆனால் இன்ஜின் வழுக்கிக்கொண்டு போவது வேறு, சவாரி சொகுசாக இருப்பது வேறு. இதன் பின்பக்க ஷாக் அப்சார்பர் அசைய இடம் 101 மில்லிமீட்டர்தான். நம்மூர் வேகத்தடைகளில் இடுப்பு கணக்குச் சொல்லும்.

எடை 241 கிலோ. உங்கள் வண்டியைவிட 50 கிலோ அதிகம். ஓடும்போது தெரியாது. முன்சக்கரம் பள்ளத்தில் இருக்க நிறுத்திவிட்டு, காலால் உந்திப் பின்னால் எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்! சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான் என்பதால் கால் நன்றாக ஊன்றும், அந்த வரைக்கும் ஆறுதல்.

விலையையும் யோசியுங்கள். 2025 செப்டம்பர் முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்குள் என்றால் 18.

வாரத்துக்கு ஒருமுறையாவது நீண்ட பயணம் உண்டென்றால் வாங்குங்கள். கடைத்தெருவுக்கும் ஆபீஸுக்கும் மட்டும் என்றால் வேண்டாம். எப்படியானாலும், டெஸ்ட் ரைடுக்குப் பின்சீட்டில் வீட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.